வாயைத் திற

"பாருங்கோ மாமா, கடல்சிங்கம் உங்கடை மகளின்ரை கையைக் கடிச்சுக் குதறிப்போட்டுது. உதட்டையும் கிழிச்சுப்போட்டுது. இந்த வேலை வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றான் மருமகன் நிரோஜன்.

மகள் தேனுஜா கிழிந்த உதட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் பரராசசிங்கம் மருமகனையும் இழுத்துக்கொண்டு ஜேர்மனியின் டுசல்டோர்ஃபிலிருந்து, மகள் வேலை பழகும் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போனார். குளக்கரையில் மகளுக்குப் பயிற்றுநர் வேலைக்கான தேர்வு நடந்துகொண்டிருந்தது.

"போதும், வா வீட்டை! அது உன்னைக் கொல்லப்போகுது!"

"இஞ்சை பாருங்கோ அப்பா."

கட்டுப்போட்ட கையை உயர்த்தினாள். அங்கிருந்த ஒரே கடல்சிங்கம் அவருக்கு நேரே வாயை அகலத் திறந்தது.

கிழட்டு வாய். ஒரு பல்கூட இல்லை.

தேறிவிட்டாள் என்று தலைமைப் பயிற்றுநர் கைதட்டினார்.

பரராசசிங்கம் கைதட்டவில்லை. திரும்பி மருமகனின் பற்களைப் பார்த்தார்.

முதல் குத்து அங்கேதான் விழுந்தது.