புள்ளி மாறிய கட்டில்

கட்டிலைச் சுரண்டச் சுரண்டப் பச்சைப் பெயிண்ட் வந்தது. அதற்கும் அடியில் கறுப்பு.

அவளுக்கு அது போதவில்லை. வெறும் இரும்பு தெரிய வேண்டும்.

யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது ஏலத்தில் விட்ட கட்டிலாம். கணவரின் முதல் மனைவி ரெஜினாவின் தாத்தா எடுத்தாராம். ரெஜினாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்ததாம். ரெஜினா அதில்தான் நோயில் கிடந்து போனாளாம்.

எல்லாம் இவளைக் கட்டிக்கொண்ட பிறகு அவர் சொன்னது.

செத்தவளோடு சண்டை போட முடியாது. கட்டிலோடு போடலாம்.

தூக்கிப் போடச் சொன்னாள். மாட்டேன் என்றார். ஆடுகிறது, கிறீச்சிடுகிறது, பழுது பார்த்துப் பெயிண்டாவது மாற்றுவோம் என்றாள். அதற்கு மட்டும் தலையாட்டினார்.

பழைய கட்டில்களைச் செப்பனிடும் பாட்சா பாய் வாசலிலேயே அதைப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கச் சட்டங்களின் முனையில் உளியால் கொத்திய புள்ளிகள். கால் மூட்டுகளிலும் அப்படியே. ஒற்றைப் புள்ளி ஒற்றைப் புள்ளியில்தான் உட்காரும்.

"ஜோடி மாறிக் கெடக்கும்மா. இந்தப் பக்கத்துச் சட்டம் அந்தப் பக்கம் போயிருக்கு. யாரு மாட்டுனது?"

அவர்தான். இவளைக் கட்டுவதற்கு முந்தைய வாரம், உள்ளறைக்கு மாற்றியபோது.

விவரம் தெரியாமல் மாட்டியிருப்பார் என்றார் பாய்.

இவள் கணவர் ரயில்வேயில் ஃபிட்டர். கடுகளவு பிசகினாலும் கழற்றி மாட்டுகிறவர்.

அவள் குனிந்தாள். அவர் படுக்கும் பக்கத்துச் சட்டத்தின் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று இருந்தது. பெயிண்டே நிற்காத இரும்பு. சீக்காளி யாரோ எழுந்து உட்காரப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருக்கிறது என்றார் பாய்.

புள்ளிப்படி அந்தச் சட்டம் இந்தப் பக்கத்தது. இப்போது இவள் படுக்கும் பக்கம், அப்போது ரெஜினா படுத்த பக்கம்.

படுத்ததும் அவர் கை கட்டிலுக்கு வெளியே இறங்கி அந்த இடத்தில் கிடக்கும். தூக்கத்தில் தொங்குகிறது என்று நினைத்திருந்தாள், பைத்தியக்காரி.



அந்த இடத்தையும் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று பாய் கேட்டார்.



"அதுல கை வைக்காதீங்க பாய். ஜோடிய மட்டும் சரியா மாட்டுங்க."

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை.

அவர் கை வெளியே இறங்கியது. சட்டத்தின் மேல் போனது. திரும்பி வந்தது. புதுப் பெயிண்ட்தான் அகப்பட்டது.

கை நின்றது.

அவள் தன் பக்கத்துச் சட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகு நாளைக்குப் பிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார். கை அவள் இடுப்பைத் தாண்டி, சட்டத்தைத் தேடி வந்தது.

அவள் அந்த நாலு விரல் இடத்தையும் உள்ளங்கையால் மூடியிருந்தாள்.