இறந்தவர் ஏறிய கப்பல்

"மிஸ் பத்மநாதன், அப்படியென்றால் அல்பேர்ட் பார்லோ கப்பல் ஏறுவதற்கு இரண்டு வருடம் முன்பே செத்துப்போய்விட்டாரா?"

டொரீன் பார்லோ இப்படிக் கேட்டதும் மிதுஷா தேதிகளை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்தாள். லண்டன் வால்தம்ஸ்டோவில் அந்தச் சிறிய ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடத்தில் இப்படி ஒரு சிக்கலை அவள் கண்டதில்லை.

மேசையில் இரண்டு பிரதிகள் கிடந்தன. ஒன்று தேவாலயத்தின் அடக்கப் பதிவு: அல்பேர்ட் பார்லோ, செங்கல் சூளைக் கூலி, வயது இருபத்தொன்பது, 1909. மற்றது கப்பல் பயணிகள் பட்டியல்: அதே அல்பேர்ட் பார்லோ, அதே தெரு, அதே கதவிலக்கம், மனைவி எலன், நாலு பிள்ளைகள். 1911இல் ஆஸ்திரேலியாவுக்கு.

"அப்போ என் கொள்ளுத்தாத்தா சொன்னது உண்மைதான்" என்றார் டொரீன். "சாகும்போது, 'நான் அல்பேர்ட் இல்லை' என்று என் அப்பாவின் கையைப் பிடித்து அழுதாராம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இப்போது எண்பத்தொன்பது. ஆஸ்திரேலியாவில், பேர்த் நகர ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தாத்தா கொலைகாரனா, களவாணியா என்று தெரியாமல் கண்ணை மூடமாட்டேன் என்கிறார். எனக்கு இன்று இரவு விமானம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"இன்னும் முடியேல்லையே, பிள்ளை? பார்க்கிங்குக்குப் பத்து நிமிசம்தான் கிடக்கு."

மகளைக் கூட்டிப்போக வந்த பத்மநாதன். தபால் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். விலாசம் என்று ஒன்றைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டார். எட்டிப் பார்த்தார். இரண்டு பிரதிகளையும் மாறி மாறி வாசித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்கிங் போன இடம் தெரியவில்லை.

"இந்த மனுசனைப் பற்றி வேற என்ன தெரியுமெண்டு கேள்."

மிதுஷா கேட்டாள். டொரீன் யோசித்தார். "கொஞ்சம் காது மந்தமாம். அல்பேர்ட் என்று யார் கூப்பிட்டாலும் முதல் தடவை திரும்பவே மாட்டாராம்."

"காது நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் பத்மநாதன். "செத்த பெடியனுக்கு அண்ணன் ஆரும் இருந்தவையோ எண்டு பார்."

"அப்பா, நான் மூண்டு கிழமையாத் தேடுறன்."

"நீ அல்பேர்ட்டை எல்லோ தேடினனீ. ஒருக்காப் பாரன்."

வேண்டாவெறுப்பாகத்தான் அவள் பழைய குடிசன மதிப்புக் கணக்கெடுப்பைத் திறந்தாள். 1901. அதே வீடு. இரண்டு சகோதரர்கள். ஜோர்ஜ், முப்பத்திரண்டு. அல்பேர்ட், இருபத்தொன்று. விவாகப் பதிவைத் திறந்தாள். எலனைக் கட்டியவர் ஜோர்ஜ். 1911க்குப் பிறகு அந்த ஜோர்ஜைத் தேடினாள். வீடு இல்லை, வேலை இல்லை, மரணப் பதிவுகூட இல்லை.

மிதுஷா திரையிலிருந்து திரும்பினாள்.

"அப்பா! செத்தவர் எழும்பிக் கப்பல் ஏறியிருக்கிறார். உயிரோட இருந்தவர் காணாமப் போயிட்டார்."

"ஆஸ்திரேலியாக்காரர் எத்தனை வயசுக்குள்ள ஆக்களை எடுத்தவங்கள்?"

அவள் ஆஸ்திரேலியாவில் குடியேறுவோருக்கான பயண உதவித் திட்டத்தின் பழைய அறிவித்தலை எடுத்துப் பார்த்தாள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க முடியாது. ஜோர்ஜுக்கு அப்போது நாற்பத்திரண்டு. அல்பேர்ட் இருந்திருந்தால் முப்பத்தொன்றுதான்.

எல்லாவற்றையும் அவள் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது டொரீன் வாயைப் பொத்திக்கொண்டார். "அங்கே போய்ப் பிறந்த முதல் மகனுக்கு, என் சொந்தத் தாத்தாவுக்கு, ஜோர்ஜ் என்றுதான் பெயர் வைத்தார்" என்றார்.

பத்மநாதன் தன் தபால்கந்தோர் ஆங்கிலத்தில் தானே பேசினார். "கொலையும் இல்லை, களவும் இல்லை, அம்மா. பசியில் கிடந்த நாலு பிள்ளைகளை அண்ணன் தம்பியின் பெயரில் கரை சேர்த்திருக்கிறான். தம்பி கோபித்திருக்கமாட்டான். அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள்."

டொரீன் அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். பிரதிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மிதுஷா திரையில் பயணிகள் பட்டியலின் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி முன்னால், பெண்டாட்டி பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, தம்பியின் பெயரைச் சொன்ன நிமிடத்தில் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? சாகும்வரை முப்பத்தேழு வருடம் அந்தப் பெயரிலேயே வாழ்ந்திருக்கிறார். எவ்வளவு பெரிய சுமை!

"மூண்டு கிழமை எனக்குப் பிடிபடாதது, உங்களுக்குப் பத்து நிமிசத்தில எப்பிடியப்பா?"

பத்மநாதன் ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்தார். வாசிப்பறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தணித்தார்.

"எண்பத்தாறில லண்டன் விசா கிடைச்சது என்ர தம்பிக்கு. பயணத்துக்கு நாலு நாள் இருக்கேக்கை ஊரில ஆமியின்ர ஷெல் விழுந்து செத்திட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. அம்மா அவன்ர பாஸ்போட்டை என்ர கையில தந்து, நீயாவது போய்த் தப்பு எண்டவ."

மிதுஷா எழுந்து நின்றுவிட்டாள்.

"பத்மநாதன் அவன்தான், பிள்ளை. நீ உன்ர பெயருக்குப் பின்னால எழுதிறது உன்ர சித்தப்பான்ர பெயர்."