அரைக் கிலோ மாவு

அவள் கைப்பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக் கடையின் மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

உள்ளே பாதி பிசைந்த மாவு.

"இதப் போட்டு ஓட்டிக் காட்டுங்க."

காந்திபுரத்தில் அந்த மிக்ஸி, கிரைண்டர் கடைக்கு மாவோடு வந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். விற்பனையாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"என்ன சார், ஓட்டிப் பாக்கலாங்களா?"

"எனக்கில்லீங்க. வாங்கறது அவங்க."

ரங்கதுரை அரையடி தள்ளி நின்றுகொண்டார்.

அவளுடைய அண்ணி பார்த்துச் சொன்ன வரன் அவர். ஐம்பது தாண்டியவர். மனைவி தவறிச் சில வருடங்கள். பம்ப் கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்து அனுப்புகிற வேலை. இதுவரை இரண்டு முறை சந்தித்திருந்தார்கள். ஒருமுறை மருதமலைக் கோவிலில், ஒருமுறை அண்ணி வீட்டில் போண்டாவுக்கு நடுவில். இரண்டு முறையும் மற்றவர்களே பேசி முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது முறை அவளே போனில் கூப்பிட்டாள். சனிக்கிழமை பிரெட் மாவு பிசைய ஒரு இயந்திரம் வாங்கப் போகிறேன், வருகிறீர்களா என்று.

அண்ணிக்குத் தாளவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும்போது மிஷின் கடைக்கா போவார்கள்? அதுவும் வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடுகிற ஊரில். அதிலேயே மாவு பிசைகிற வசதி இருக்கிறதே என்றாள்.

இருக்கிறது. சப்பாத்திக்குப் போதும். பிரெட் மாவு வேறு. இழுத்தால் கிழியாமல் விரிய வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு அதைக் கையால்தான் பிசைந்துகொண்டிருந்தாள். இந்த வருடம் மணிக்கட்டு மறுத்துவிட்டது. மிக்ஸி ஜாரில் போட்டுப் பார்த்தாள். கருகல் வாடை வந்தது.

அவளுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை. சொந்த வீடு. நாற்பத்தேழு வயது. கல்யாணம் கூடாது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்தான் வந்த அன்றே அவளுக்கும் சேர்த்து முடிவெடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர், கொடுத்த காப்பி ஆறுவதற்குள், அவள் வீட்டில் எந்த அறையை வாடகைக்கு விடலாம் என்று சொன்னார்.

முதலில் பெரிய இயந்திரம். சிவப்பு. ஆறு லிட்டர் கிண்ணம். ஆயுசுக்கும் வரும் என்றார் விற்பனையாளர், மறுபடியும் ரங்கதுரையைப் பார்த்து.

மாவு பிசைகிற கொக்கி சுற்றியது. அவளுடைய மாவு கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, கொக்கிக்குச் சிக்காமல் கிடந்தது.

அரைக் கிலோ மாவுக்கு இந்தக் கிண்ணம் பெரிது என்று அவளுக்குப் புரிந்தது. பம்ப் கம்பெனிக்காரருக்கும் புரிந்திருக்கும். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அடுத்தது, இருப்பதிலேயே மலிவானது. மாவை நன்றாகவே பிடித்தது. ஆனால் இயந்திரம் ஆட்டம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள்.

இதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் கையாலேயே பிசைந்துவிடலாம் என்றாள். மேலாளர் சிரித்துவிட்டார்.

மூன்றாவது இயந்திரம் மூலையில் இருந்தது. அவளே போய் எடுத்து வந்தாள். சாம்பல் நிறம். பார்க்க ஒன்றுமில்லை. சிறிய கிண்ணம். தூக்கும்போது கனம் தெரிந்தது. விலை மலிவானதைவிடக் கொஞ்சம்தான் கூட.

மாவைப் போட்டாள். குமிழைத் திருப்பினாள்.

மாவு திரண்டது. கொக்கியில் ஏறியது. கிண்ணத்தின் சுவரில் அடித்துத் திரும்பியது. இயந்திரம் வைத்த இடத்திலேயே நின்றது.

அவள் அவசரப்படவில்லை. கடையில் வேறு இரண்டு பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"மோட்டார் எப்படீங்க?"

அன்றைக்கு அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ரங்கதுரை முன்னால் வந்து, இயந்திரத்தின் தலையில் உள்ளங்கையை வைத்தார். சூட்டையும் அதிர்வையும் பார்த்தார்.

"நெதமும் ஓட்டுனா சொல்ல முடியாதுங்க. மாசம் ரெண்டு ஞாயித்துக்கெழமைக்குத் தாராளமாத் தாங்கும்."

போனில் அவள் சொன்ன கணக்கு. அதைக் கேட்டு வைத்திருக்கிறார்.

அவள் மாவில் ஒரு துண்டைக் கிள்ளி, விரல்களால் மெல்ல இழுத்து, விளக்குக்கு நேரே பிடித்தாள். மாவு கிழியவில்லை. வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது.

விற்பனையாளர் விடவில்லை. நாளைக்கு வீட்டில் ஆள் கூடினால் இது பத்தாது மேடம் என்றார். பெரியதாகவே எடுத்துவிடுங்கள். சார், நீங்களாவது சொல்லுங்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் பின்னால் இருந்தது. முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பேசத் தொடங்கிய இடம் இது.

பின்னால் சத்தமே இல்லை.

"இதே போதும். பில் போடுங்க."

மேசையில் சிந்தியிருந்த மாவைக் கைக்குட்டையால் துடைத்தாள். மனசு லேசாக இருந்தது. வேண்டியதை வாங்கிவிட்டாள்.

அப்போதுதான் ரங்கதுரை விற்பனையாளரைக் கேட்டார்.

"இதுக்கு இன்னொரு கிண்ணம் தனியாக் கெடைக்குங்களா? ஆள் கூடுனா ரெண்டு தடவையாப் பெசையலாம்."

அவள் கை துடைப்பதை நிறுத்தியது.

கிடைக்கும், ஆனால் வரவழைக்க வேண்டும் என்றார் விற்பனையாளர். வந்ததும் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். எந்த முகவரிக்கு என்று பேனாவைத் திறந்தார்.

ரங்கதுரை அவளைப் பார்த்தார்.

அவள் டப்பாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு முகவரியைச் சொன்னாள். அவளுடைய வீட்டு முகவரி. கதவு எண், வீதி, பின்கோடு, ஒன்று விடாமல்.

"பேருங்க மேடம்?"

"ரங்கதுரை."