கூப்பிட வராத பெயர்

மகன் கட்டிக்கொண்டு வந்த மிரேலா, ருமேனியாவின் ரோமா இனத்துப் பெண். அவள் காரிலிருந்து இறங்கியதும் குரைத்த நாயை, "ஏ ஜிப்சி, சும்மா கெட!" என்று அதட்டினார் மயில்சாமி. மருமகளின் முகம் வெளுத்தது.

"அப்பா, அவங்க சனத்தை எளக்காரமாச் சொல்ற பேருங்க அது," என்றான் மகன், தணிந்த குரலில்.

அதன்பின் மயில்சாமி நாயைத் "தோ, தோ" என்றுதான் அழைத்தார். அது திரும்பியே பார்க்கவில்லை.

மறுநாள் காலை நாய் சாலைக்கு ஓடியது. எதிரே லாரி வந்தது. வாயைத் திறந்த மயில்சாமி, பக்கத்தில் மிரேலா நிற்பதைப் பார்த்துக் குரல் எழும்பாமல் நின்றார்.

"ஜிப்சி!" என்று அவள்தான் கத்தினாள்.

நாய் திரும்பி ஓடிவந்தது. அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளக் குனிந்த மயில்சாமி வெகுநேரம் நிமிரவில்லை.