மூடும் தேதி

செம்பாக்கத்தில் மங்கை தன் ஓட்டலைத் திறந்த மே மாதக் காலையிலேயே, அது மூடப்போகும் தேதி வாசல் பலகையில் தெரிந்தது: ஆகஸ்ட் பதினெட்டு. எல்லாக் கடைக்கும் அப்படித்தான். சாப்பிட்டவர்கள் போடும் மதிப்பெண்ணைப் பொறுத்துத் தேதி தள்ளிப்போகும், முன்னாலும் வரும். இடத்துக்காரர்கள் அதைப் பார்த்து அடுத்த ஆளைப் பேசி வைத்துவிடுவார்கள்.

முதலில் வந்தவர் டேப்பை விரித்துச் சுவரை அளந்தார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள் மங்கை.

"உங்களுக்கு அப்புறம் நான்தாம்மா. சலூன் வைக்கப்போறேன். ரெண்டு தோசை போடுங்க."

நான்கு சாப்பிட்டார். சட்னியைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்.

"நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கும்மா" என்றவர், கை கழுவிவிட்டு போனில் மதிப்பெண் போட்டார். பலகையில் ஆகஸ்ட் போய் ஜூன் வந்தது.

"தின்ன வாய் காயறதுக்குள்ளயா?"

"ஆகஸ்ட் வரைக்கும் நான் சும்மா உக்காந்திருக்க முடியுமா?"

அவர் போனதும், கல்லாவில் இருந்த கணவனிடம் மங்கை கேட்டாள்: "நமக்கு அடுத்துப் பேசி வச்ச இடம் எது?"

"மாடம்பாக்கம். இப்ப ஒரு பேக்கரி ஓடுது. அக்டோபர் வரைக்கும் இருக்கு."

"இப்பவே போய் ரெண்டு பன் தின்னுங்க. நல்லாருந்தாலும் இரக்கப்படாதீங்க."