நாற்பதாம் பக்கத்துப் படம்

"நாய்க்குப் பேர் போட்டிருக்கீங்க. இந்தப் பதினொரு பொம்பளைங்களுக்கும் போடுங்க" என்றாள் புஷ்பராணி. அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த ஆங்கிலேயக் கிராமத்தில் அவர்கள் கடை நடத்திய கட்டிடம் ஹார்லன் குடும்பத்துடையது. ஊர் வரலாற்றை எழுதியவள் புஷ்பராணி; அச்சுச் செலவும் படக்குறிப்புகளும் அந்தக் குடும்பத்து ஹார்லன் அம்மாளுடையவை. கையெழுத்துப் பிரதி நாளை அச்சுக்குப் போகிறது. நாற்பதாம் பக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் படம்: ஹார்லன் துரை, அவருடைய நாய் பிரின்ஸ், கூடைகளோடு 'பதினொரு கூலிகள்'. அதில் ஒருத்தி அப்பாவின் பூட்டி. பதினொரு பெயர்களையும் தோட்டத்துப் பழைய பதிவேட்டில் தேடி எடுத்து வந்திருந்தாள் புஷ்பராணி.

ஹார்லன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவ்வளவுக்கு இடமில்லையேம்மா. உங்க வீட்டுப் பெண் பேரை மட்டும் சேர்க்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மகளின் முழங்கையைப் பிடித்தார். "ஒண்ணாச்சும் போடுறாங்கல்ல. வாய மூடிக்கிட்டு வாங்கிக்க, புள்ள."

"மத்த பத்துப் பேரும் யாரு வூட்டு ஆளுங்கப்பா?"

அவர் அவள் முழங்கையை விட்டார்.

புஷ்பராணி மேசையில் கிடந்த மொத்தப் பிரதியையும் அள்ளிப் பைக்குள் வைத்தாள். ஆணியில் தொங்கிய அப்பாவின் கோட்டை எடுத்து நீட்டினாள். அவர் கை நீட்டவில்லை. அதை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.