வயல் இல்லாத பிரசங்கம்

"இன்னுமா முடியல?" என்றாள் தங்கமணி, காப்பியை மேசையில் வைத்தபடி.

இராஜாங்கம் நிமிரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மணி நாலாகிவிட்டது. நாளைக் காலை ஆராதனைப் பிரசங்கத்தில் இரண்டாவது வரியைத் தாண்ட முடியாமல், மத்தியானத்திலிருந்து மனுஷன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகினார். மூன்று பிரதி வேண்டும். தஞ்சாவூருக்கு ஒன்று, இங்கே பெரியவருக்கு ஒன்று, கைவசம் ஒன்று.

"போன வாரம் பொறுமை. அதுக்கு முந்தின வாரமும் பொறுமை. மேல உள்ளவங்க படிச்சா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். சந்தேகப்படாம இருந்தாப் போதும்."

ஊர் அப்படிக் கிடந்தது. கூலி நெல்லில் ஒரு படி கூட்டிக் கேட்டு, மூன்று வாரமாகத் தெற்குத் தெருவில் யாரும் அரிவாளைத் தொடவில்லை. மிராசுதார் சாரங்கபாணி வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். முற்றிய கதிர் ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம், நடுவில் போலீஸ்.

போன வருஷ அறுப்பில் பக்கத்து ஊர்க் கோயிலில் கூலியைப் பற்றி நாலு வார்த்தை பேசியவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழு நாள் கழித்து, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். வீங்கிப்போன அந்த முழங்கால்களை இராஜாங்கத்தால் மறக்கவே முடியவில்லை.

அதிலிருந்து இந்த ஊர்க் கோயிலிலும் ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து எழுதுகிறார். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை பிசகினாலும் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

தங்கமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். வேதக் கதைகள் அவளுக்கு அத்துப்படி. எதிரில் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டாள்.

"விதைக்கிறவன் கதைய எடுங்களேன்."

"வயல் வருதே. வயல்னு பாத்தாலே கூலின்னு படிப்பாங்க."

"திராட்சைத் தோட்டத்து வேலையாளுங்க?"

"அது கூலித் தகராறேதான். வேற வெனையே வேணாம்."

"பணக்காரன் களஞ்சியத்த இடிச்சுட்டுப் பெருசாக் கட்டுனானே, அது?"

"சாரங்கபாணியச் சொன்னதா ஆயிடும்."

இயேசுநாதர் ஏன்தான் இத்தனை கதையையும் வயலிலும் களத்திலுமே வைத்தாரோ என்று இராஜாங்கத்துக்குச் சலிப்பாக இருந்தது. தச்சு வேலை தெரிந்தவர், நாற்காலி மேசை பற்றி இரண்டு கதை சொல்லியிருக்கக் கூடாதா?

"அப்ப படகுக் கதைதான்" என்றாள் தங்கமணி. "புயல் அடிக்குது, எல்லாரும் பயந்து கத்துறாங்க, அவரு எழுந்து அடங்குன்னு சொல்றாரு, அடங்கிடுது. வயலும் இல்ல, கூலியும் இல்ல."

இராஜாங்கம் முதல்முறையாக நிமிர்ந்தார். "படகுன்னா முத்துப்பேட்டைப் பக்கம். நம்ம சரகத்துல ஒரு படகும் கெடையாது. நல்லதாப் போச்சு."

அதன் பிறகு பேனா ஓடியது. பயப்படாதீர்கள், கூச்சல் போடாதீர்கள், புயல் தானாக அடங்கும், அதுவரை அமைதியாகக் காத்திருங்கள். ஒன்றரைப் பக்கம் எழுதி, ஆமென் போட்டு முடிக்கும்போது கை கடுத்தது.

வாசலில் சைக்கிள் நின்றது. தெற்குத் தெரு ஜெக்கரியா. கோயில் சாவி இவரிடம்தான் இருக்கும்.

"ஆள் அனுப்பி வரச் சொன்னீங்களாம்" என்றார், உள்ளே வராமல்.

"உக்காருங்க. மொதல்ல இதப் படிங்க."

ஜெக்கரியா உட்காரவில்லை. நின்றபடியே படித்தார். சாப்பிட்டு இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்பது முகத்தில் தெரிந்தது.

"நாளைக்கு ஆராதனைக்கு இதுங்களா?"

"இதேதான்."

"கேட்டா ஜனங்க தூங்கிடுவாங்க."

"தூங்கணும்னுதான் எழுதியிருக்கேன்."

ஜெக்கரியா தாளை மேசையில் வைத்தார். "மூணு வாரமா அடுப்பு எரியல. நாளைக்கு ஒரு வார்த்தை கெடைக்கும்னுதான் தெருவே கோயிலுக்கு வருது. பொன்னுத்தாய் பச்சப்புள்ளையோட வரும். அதுக்குத் தாய்ப்பால் வத்திப்போச்சு. இந்த வாரமும் ஒண்ணும் சொல்லலன்னா திங்கக்கெழமை எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு பழைய கூலிக்கே வயல்ல எறங்கிடுவாங்க. அவங்ககிட்டப் போயி படகு, புயல்னு சொல்றதா?"

தங்கமணி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். இராஜாங்கம் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, அடியில் நாளைய தேதியையும் போட்டார்.

பிறகு ஜெக்கரியாவிடம் சொன்னார்:

"இது கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டதா ஸ்டேஷனுக்கு நான் குடுக்கப்போற ரிப்போர்ட்டு, உபதேசியாரே, கோயில்ல பிரசங்கத்துல நீங்க மனசுல உள்ளதப் பேசுங்க."